'சேட்டிலைட்'னு சொல்லி வித்தான், மூடியைத் திறந்தா சிம் கார்டு! 1,840 வெள்ளி (ரிங்கிட்) போச்சு

இன்னிக்குப் புதன். ஞாயிறு ராத்திரி காட்டுல இருந்து திரும்புனதுல இருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்ல. பிள்ளைகளோட ஃபோர் வீல்ல கேம்ப்பிங் போறவங்க வாக்கி டாக்கி, ஜிபிஎஸ் எல்லாம் எப்படிப் பார்த்து வாங்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். முதல்ல எனக்கு நடந்ததைச் சொல்லிடுறேன், இல்லனா வயிறு எரிஞ்சே செத்துடுவேன்.

நாங்க மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட். பள்ளி விடுமுறைக்கு லாசா வழியா, காட்டுக்குள்ள இருக்கிற கோலா மூ பக்கம் போகலாம்னு மச்சானோட பேச்சு. ரெண்டு ஹைலக்ஸ் வண்டி, பெரியவங்க நாலு பேர், பிள்ளைங்க அஞ்சு பேர். உள்ளே போகப் போக போன் லைன் செத்துடும்னு தெரியும். அதனாலதான் ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே சாமான் தேடிப் போனேன்.

கேம்ப்பிங் சாமான், ஃபோர் வீல் அக்சஸரி விக்கிற கடை. பேர் போட மாட்டேன். வித்தவன் நம்ம பையன். என் வீட்டுக்காரம்மாவை 'அக்கா, அக்கா'ன்னு கூப்பிட்டு, பிள்ளைகளுக்கு மைலோ வாங்கிக் கொடுத்தான். "வேற கடையில போய் ஏமாந்துடாதீங்கண்ணே, சும்மா டப்பா சாமானைக் கட்டி விட்டுடுவானுங்க"ன்னு சொன்னதும் அவன்தான்!

அப்புறம் தீப்பெட்டி சைஸ்ல ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து என் சின்ன மக கையில கொடுத்தான். "பாப்பா, கார் பார்க்கை ஒரு சுத்து சுத்திட்டு ஓடி வா." அவ ஓடுறா, அவன் போன்ல நீலப் புள்ளி நகருது. "பார்த்தீங்களாண்ணே, சேட்டிலைட். மேல இருந்து பாப்பாவைப் பார்த்துக்கிட்டே இருக்கும்." அந்த இடத்துலதான் நான் விழுந்தேன். நடு டவுன், நாலு பக்கமும் டெலிபோன் கோபுரம், அங்க எந்தப் புள்ளிதான் நகராது? பிள்ளை ஓடி வந்து "அப்பா, நான் தெரிஞ்சேனா?"ன்னு கேட்டப்ப பணத்தை எடுத்துட்டேன்.

வாக்கி டாக்கி ஒரு ஜோடி 640. அந்தக் கறுப்புப் பெட்டி, அதாவது டிராக்கர், ரெண்டு 700. 'காட்டு மேப்' உள்ள டேப்லெட் 500. மொத்தம் 1,840 வெள்ளி. ரிசிட்ல என்ன எழுதுனான் தெரியுமா? 'அக்சஸரி - 1,840'. அவ்வளவுதான். அப்ப அது எனக்கு உறைக்கல.

சனிக்கிழமை பசியாறிட்டுக் கிளம்பினோம். செம்பனைத் தோட்டம் முடிஞ்சு மண் ரோடு ஏறினதும் மழை. ஒரு பிரிவுல நான் இடது பக்கம் போயிட்டேன், பின்னால வந்த மச்சான் வலது பக்கம் போயிட்டான். என் பிள்ளைங்க ரெண்டும் அவன் வண்டியில. 'ஐம்பது கிலோமீட்டர்'னு பெட்டியில போட்டிருந்த வாக்கி டாக்கியில கூப்பிடுறேன், வெறும் கரகரப்பு. எங்க தாத்தா காலத்துல தோட்டத்துல பெரட்டுக்கு (காலையில ஆள் கணக்கெடுக்க) மணி அடிச்சா நாலு லயத்து வீடுகளுக்கும் கேட்கும்னு சொல்வாங்க. இந்த மிஷின் ஒரு மலை வளைவைத் தாண்டல.

மச்சான் வண்டியில வச்ச டிராக்கரைப் பார்க்கலாம்னு போனைத் திறந்தா, மச்சான் வண்டி இன்னும் சுங்கை சிப்புட் பெட்ரோல் ஸ்டேஷன்ல நிக்குது. நேரம் காலை 11:42. அப்ப மணி மாலை 4:30! டேப்லெட்ல புள்ளி மட்டும் மினுக்குது, சுத்தி வெறும் சாம்பல் கட்டம். மேப்பை முன்கூட்டியே இறக்கி வைக்கணுமாம், அதை எந்தப் படுபாவியும் சொல்லல.

ரெண்டு மணி நேரம். என் வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தை பேசாம கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. கடைசியில மோட்டார்ல வந்த ஒரு அஸ்லி (பழங்குடி) பையன், "பின்னால ஒரு வெள்ளை ஹைலக்ஸ் சேத்துல மாட்டிக்கிட்டு நிக்குது"ன்னு சொல்லி முன்னால போய் வழி காட்டினான். காசு கொடுத்தேன், வாங்கல.

ராத்திரி கூடாரத்துல டார்ச் அடிச்சு அந்தக் கறுப்புப் பெட்டியோட ரப்பர் மூடியை நகத்தால நெம்பினேன். உள்ளே குட்டியா ஒரு பிரீபெய்ட் சிம் கார்டு. மேல ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சிருக்கான்.

திரும்பி வந்து, ரேடியோ பரீட்சை எழுதி லைசன்ஸ் வச்சிருக்கிற ஒரு நண்பர்கிட்ட காட்டினேன். சிரிச்சுட்டார். இந்த மாதிரி டிராக்கர் தான் இருக்கிற இடத்தை சேட்டிலைட்டை வச்சுத்தான் கண்டுபிடிக்குது, ஆனா அதை நமக்கு அனுப்புறது சிம் கார்டு வழியா. லைன் இல்லாத காட்டுல ஊமை. வாக்கி டாக்கி கதை இன்னும் மோசம். லைசன்ஸ் இல்லாம நாம பேசலாம்னா 446 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில அரை வாட் சக்தி, 477-ல 5 வாட் வரைக்கும்தான். இவன் கொடுத்தது லைசன்ஸ் உள்ளவங்க அலைவரிசையில செட் பண்ணது, பின்னால எம்.சி.எம்.சி. (தொலைத்தொடர்பு ஆணையம்) லேபலும் இல்ல. ஆக 1,840 வெள்ளி கொடுத்து, பிடிபட்டா தண்டம் கட்டற சாமானையும் சேர்த்து வாங்கியிருக்கேன்.

திங்கள் காலை 10 மணிக்குக் கடைக்குப் போன் போட்டேன். "பாஸ் சாப்பிடப் போயிருக்கார்." மூணு மணிக்கு, "பாஸ் சாப்பிடப் போயிருக்கார்." அஞ்சு மணிக்கும் அதே. என்ன வயிறுடா அது? வாட்சாப்ல நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. ராத்திரி ஒரு குரல் பதிவு: "அண்ணே, காட்டுல லைன் இல்லனா அது டெல்கோ (போன் கம்பெனி) பிரச்சனை, நாங்க என்ன பண்றது?" வாங்குறதுக்கு முன்னாடி இதே ஆள் அனுப்புன குரல் பதிவும் என்கிட்ட இருக்கு: "சேட்டிலைட்ணே, லைனே தேவையில்ல." ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டு அனுப்பினேன். "சப்ளையர்கிட்ட கேட்கிறேன்"னான். நேத்து, "பெட்டி கிழிஞ்சிருக்கு, திருப்பி எடுக்க முடியாது." இன்னிக்குக் காலையில பார்த்தா அவன் புரொஃபைல் படமே தெரியல. பிளாக் பண்ணிட்டான்.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், இப்ப பொறுமை இல்ல. 'சேட்டிலைட்'னா மூடியைத் திறக்கச் சொல்லுங்க, சிம் போடுற இடம் மட்டும் இருந்தா வெளியே வந்துடுங்க. நிஜமான சேட்டிலைட் கருவி வானம் தெரியுற இடத்துலதான் ஒழுங்கா வேலை செய்யும், பெரும்பாலும் அதுக்குத் தனியா சந்தா கட்டணும். வாக்கி டாக்கியில லேபல் பாருங்க, கடைக்குள்ள வச்சு டெஸ்ட் பண்ணாதீங்க, ஒருத்தரை மேட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பிப் பேசிப் பாருங்க. மேப்பை வீட்டுலயே இறக்கி, போனை ஏரோபிளேன் மோடுல போட்டுத் திறக்குதான்னு பாருங்க. ரிசிட்ல சாமான் பேர் முழுசா எழுதச் சொல்லுங்க.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல மனு போட 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம். வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கேன். நான் கேட்கப் போறது 1,840. அதே மாதிரி ஸ்டிக்கர் ஒட்டின கறுப்புப் பெட்டி வாங்கினவங்க யாராவது இருந்தா, ரிசிட்டைப் படம் பிடிச்சு எனக்கு அனுப்புங்க, சேர்ந்தே போவோம்.