வௌவாலுக்கு வழிகாட்டுவது அந்தி வானமா, பூமியின் காந்தமா?

பத்து கிராம்கூட எட்டாத நத்தூசியஸ் வௌவால், லாட்வியாவின் பாப்பே கடற்கரை வழியாகத் தென்மேற்கு ஐரோப்பாவுக்கு ஆண்டுதோறும் பறக்கிறது. 2,000 கிலோமீட்டருக்கு மேல் போனவையும் உண்டு. அவ்வளவு தூரத்துக்கு, எதிரொலி கேட்டு வழியறிய அது எழுப்பும் மீயொலி உதவாது. அதன் எட்டுதூரம் சில பத்து மீட்டர்தான்.

காந்தத்துக்குச் சாட்சி 2006இல் அமெரிக்காவில் கிடைத்தது. பழுப்பு வௌவால்களைச் சுற்றியிருந்த காந்தப்புலத்தை அந்தி வேளையில் 90 பாகை திருப்பி வைத்தார்கள். பிறகு விடுவித்தபோது, தெற்கே வீடு திரும்பவேண்டியவை பக்கவாட்டில் பறந்தன. மேகம் மூடினாலும் கைவிடாதது காந்தம். ஆனால் உடலில் அதை உணரும் உறுப்பு எது என்பது இன்னும் புதிர்.

அந்தி வானத்தின் பக்கம் எனக்குப் பிடித்தது, பாப்பேயில் செய்த கண்ணாடிச் சோதனை. இன்னொரு குட்டி இனமான சொப்ரானோ வௌவால்களுக்குச் சூரியன் மறைவதைக் கண்ணாடியில் எதிர்த்திசையில் காட்டினார்கள். இருட்டியபின் வட்டப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக விட்டால், வளர்ந்தவை நேர் எதிர்த்திசையில் கிளம்பின! இளசுகளுக்கோ எந்தத் திசையும் பிடிபடவில்லை. அப்படியானால் இது பிறவி ஞானம் அல்ல, பழகிக் கற்பது போலிருக்கிறது.

என் கணக்கில் அந்தியே மூத்தது. தனக்குள் இருக்கும் காந்தத் திசையுணர்வைத் தினமும் மாலையில் அந்தி வானத்தைப் பார்த்துத்தான் வௌவால் சரிசெய்துகொள்கிறது என்று நினைக்கிறேன்.