ஆறு கிரெடிட் ஜெர்மன் வகுப்பு: ஒரு செமஸ்டர் அனுபவம்

ஜெர்மனியில் முதுகலை படிக்கும் நான், எங்கள் பல்கலைக்கழக மொழி மையம் நடத்தும் பி1 நிலை (ஆறு நிலைகளில் மூன்றாவது) ஜெர்மன் வகுப்பைச் சென்ற செமஸ்டரில் முடித்தேன். ஐரோப்பிய உயர்கல்வி முறைகளை ஒன்றுக்கொன்று இசைவாக்க 29 நாடுகளின் அமைச்சர்கள் 1999இல் கையெழுத்திட்ட போலோஞா பிரகடனத்தைத் தொடர்ந்து வந்த சீர்திருத்தங்களுக்கு ஏற்பத் திருத்தியமைக்கப்பட்ட பாடத்திட்டம் இது.

முதல் நாள் கொடுத்த தாளில் இலக்கணத் தலைப்புகள் இல்லை. பி1 போன்ற மொழித்திறன் நிலைகளை வரையறுத்து ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழிச் சட்டகத்தைப் பின்பற்றி, செமஸ்டர் முடிவில் நாங்கள் எவற்றையெல்லாம் செய்யக்கூடியவர்களாக இருப்போம் என்பதே எழுதப்பட்டிருந்தது. நான்காம் வாரத்தில், வீட்டு உரிமையாளருக்குத் தொலைபேசியில் அழைத்து, ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லும் பயிற்சி வந்தது. வேற்றுமை உருபுகளில் பிழை வராமல் பேசிவிட்டேன் என்று மகிழ்ந்திருந்தபோது, பழுது பார்ப்பவர் வரும் நேரத்தில் நான் வீட்டில் இருப்பேனா என்பதைச் சொல்லாமல் விட்டதைத்தான் ஆசிரியை முதலில் சுட்டிக்காட்டினார். மொழியை இப்படிக் கற்பிப்பதுதான் சரி என்று அன்று உறுதியாக உணர்ந்தேன்.

என் மனக்குறை கிரெடிட் கணக்கில் இருக்கிறது. ஆசிரியர் வகுப்பெடுக்கும் நேரத்தை மட்டும் பார்க்காமல், மாணவரின் மொத்த உழைப்பையும் மணிக்கணக்கில் அளப்பது ஐரோப்பியக் கிரெடிட் முறை. கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்று எங்கள் கையேடு சொல்வதால், 6 கிரெடிட்டுக்கு 180 மணி நேரம் ஆகிறது. வாரம் 4 பாடவேளை வீதம் 15 வாரங்கள் நடக்கும் வகுப்பை மணிக்கணக்கில் பார்த்தால் 60 மணிக்கு மேல் போகாது. எஞ்சிய 120 மணி நேரத்துக்கு இணையப் பயிற்சிகளின் பட்டியல் ஒன்றைத் தந்ததோடு சரி. செய்தோமா என்று கேட்கவோ, எழுதியதைத் திருத்தித் தரவோ யாரும் இல்லை. மூன்றில் இரண்டு பங்கு உழைப்பை இப்படி எங்கள் பொறுப்பில் விட்டுவிட்டு, அதற்கும் சேர்த்துக் கிரெடிட் வழங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தேர்விலும் பழைய வாடை போகவில்லை. செமஸ்டர் முழுவதும் பேசிப் பழகிய எங்களுக்குப் பெரும்பாலான மதிப்பெண் எழுத்துத் தேர்வில்தான் கிடைத்தது.

சேர விரும்புவோர், இந்தக் கிரெடிட்டுகள் பட்டத்துக்குரிய 120இல் சேருமா, கூடுதலாக மட்டும் சான்றிதழில் பதிவாகுமா என்பதைத் துறையில் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். என் துறை சேர்த்துக்கொண்டது. பி2 வகுப்புக்கும் இங்கேயே பதிவு செய்துவிட்டேன். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறையாவது எங்கள் எழுத்தைத் திருத்தித் தர ஒருவரை நியமிக்குமாறு மையத்துக்குக் கடிதமும் கொடுத்திருக்கிறேன்.