வேரைக் காட்ட மறுப்பவரிடம் அரியோகார்ப்பஸ் வாங்க வேண்டாம்

பெங்களூரில் அரிய கள்ளிச் செடிகளையும் மூலிகைகளையும் தமக்குள் விற்றும் மாற்றியும் வளர்த்துவரும் தமிழ் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். வாட்ஸ்அப் வழியாக விற்பனை செய்யும், நன்றாகத் தமிழ் பேசும் ஒருவர், வேறொரு செடியின் தண்டில் ஒட்டி வளர்த்த ஒட்டுச் செடியை, தன் வேரிலேயே வளர்ந்த சொந்த வேர்ச் செடி என்று சொல்லி எனக்கு 6,500 ரூபாய்க்கு விற்றார். என் நண்பர்களில் சிலரும் அவரிடம் இதே முறையில் ஏமாந்திருக்கிறார்கள். அவருடைய பெயரையோ எண்ணையோ இங்கே தரப்போவதில்லை. பெயரும் எண்ணும் நாளை மாறிவிடும், ஆனால் ஏமாற்றும் முறை மாறாது என்பதால் அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

நான் வாங்கியது உள்ளங்கை அளவுள்ள அரியோகார்ப்பஸ் ரெட்டூசஸ் என்னும் கள்ளி. மெக்சிகோவின் வறண்ட சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளில் வளரும் இந்தச் செடி, சேமிப்பைத் தண்டில் வைப்பதைவிட மண்ணுக்கடியில் பருத்த வேரில் வைக்கிறது. விதையிலிருந்து இந்த அளவுக்கு வர எத்தனையோ ஆண்டுகள் ஆகும். அந்தப் பொறுமைக்குத்தான் நாம் விலை கொடுக்கிறோம். அதே நாற்றை டிராகன் பழக் கொடியின் மீதோ பெரெஸ்கியோப்சிஸ் என்னும் வேகமாக வளரும் கள்ளியின் மீதோ ஒட்டினால், அடியில் தாங்கும் அந்தத் தாய்த்தண்டின் வேகத்தில் பல மடங்கு விரைவாகப் பெருத்துவிடும். ஒட்டுக் கட்டுவதில் எந்தக் குற்றமும் இல்லை. என் மாடியிலேயே ஒட்டுச் செடிகள் இருக்கின்றன, அவற்றை ஒட்டுச் செடி என்று சொல்லியே நேர்மையானவர்கள் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். தாய்த்தண்டை விரலளவுக்கு நறுக்கி, மண்ணுக்குள் புதைத்து, மேலே கல் பரப்பிவிட்டு, பன்னிரண்டு வயதுச் செடி என்று விலை சொல்வதுதான் மோசடி.

வாங்குவதற்கு முன்பே வேரின் படத்தைக் கேட்டேன். "அக்கா, இப்பத்தான் மண்ணு மாத்தியிருக்கேன், திரும்பக் கிளறினா செடி தாங்காது" என்றார். மண் மாற்றிய கள்ளியைச் சில நாள் தொந்தரவு செய்யக்கூடாது என்பது உண்மையே ஆதலால், அந்தப் பதில் காதுக்குச் சரியாகவே பட்டது. கொரியரில் அனுப்புவோர் மண்ணை உதறி வெறும் வேராகத்தான் அனுப்புவார்கள். இவரோ செலவைப் பார்க்காமல் லால்பாக் வாசல் வரை தாமே தொட்டியோடு கொண்டுவந்து கொடுத்தார். அதன் காரணம் பிறகுதான் விளங்கியது. தொட்டியின் மேற்பரப்பில் இருந்த சிறு கற்கள் ஒன்றோடொன்று பசையால் ஒட்டப்பட்டிருந்தன. தொட்டியைச் சாய்த்தாலும் ஒரு கல்கூடச் சரியாது, செடியின் கழுத்தும், அதாவது உடலும் வேரும் சேரும் இடமும், வெளியே தெரியாது.

மழைக்காலம் தொடங்கியதும் செடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கல் தகட்டைப் பெயர்த்துப் பார்த்தபோது, முள்ளங்கிபோல் பருத்திருக்க வேண்டிய வேரின் இடத்தில், மூன்று விளிம்புப் பட்டைகள் கொண்ட ஒரு கட்டைத் துண்டு பழுப்பேறிக் கூழாகி நாற்றமடித்துக்கொண்டிருந்தது. ஒட்டுக் கட்டிய செடியில் மூன்று பட்டை என்றால் அது பெரும்பாலும் டிராகன் பழக் கொடிதான். ஈரம் காயாத மண்ணில் புதைத்து வைத்தால் அந்தத் தண்டு எளிதில் அழுகும். ஆகவே இது மழை வந்தால் சாகும் என்று தெரிந்தே விற்ற செடி என்றுதான் நான் கருதுகிறேன்.

அவரிடமே வாங்கிய கருமஞ்சள் கிழங்கும் போலியாகவே முடிந்தது. இலையின் நடுவில் ஓடும் கருஞ்சிவப்புக் கோட்டைப் படமெடுத்து அனுப்பி, இதுவே சான்று என்றார். பூலாங்கிழங்கு இனத்தின் இலையிலும் அதே கோடு உண்டு. உண்மையான கருமஞ்சளை நறுக்கினால் உள்ளே நீலம் பாய்ந்திருக்கும், கற்பூர வாடை வீசும். எனக்கு வந்ததை நறுக்கியபோது வெளிர் மஞ்சளாக இருந்தது. பூசையில் வைக்க வாங்குகிறவர்கள் கிழங்கை நறுக்கிப் பார்க்கமாட்டார்கள் என்ற துணிவில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டீர்கள் என்று தொடங்கினார். அழுகிய கட்டையின் படத்தை அனுப்பியதும் பேச்சு மாறியது. "அது தாய்லாந்துச் செடிக்கா, பேப்பர் இல்லாம வந்தது. நீங்க கம்ப்ளெயின்ட் குடுத்தா உங்க மேலதான் கேஸ் வரும்" என்றார். விற்கும்போது ஓசூரில் தம் சொந்தப் பசுமைக்குடிலில் விதை போட்டு வளர்த்ததாகச் சொன்னவரும் இவர்தான். வாங்கியவர்களில் பலர் வாய் திறக்காமல் இருப்பதற்கு இந்த மிரட்டலே காரணம்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. அரியோகார்ப்பஸ் பேரினம் முழுவதும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பின்னிணைப்பில், அதாவது மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள பட்டியலில், உள்ளது. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த நமது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அந்தப் பட்டியலை நான்காம் அட்டவணையாகச் சேர்த்துக்கொண்டு, முதல் பின்னிணைப்புச் செடிகளைச் செயற்கையாகப் பெருக்குவோர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. வெளிநாட்டிலிருந்து உயிர்ச் செடி கொண்டுவர, 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணையின்படி இறக்குமதி அனுமதியும், ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேவை. எனவே பணம் கொடுக்கும் முன்பே எங்கே வளர்ந்தது என்று எழுத்தில் கேளுங்கள். தாவரவியல் பெயருடன் ரசீது தரத் தயங்குபவரிடம் முதல் பின்னிணைப்புச் செடி எதையும் வாங்காதீர்கள். எனக்குக் கிடைத்த சீட்டில் "அலங்காரச் செடி – 1" என்று மட்டுமே இருந்தது. பணம் போன யுபிஐ கணக்கோ வேறொருவர் பெயரில் இருந்தது. இருந்தும் உரையாடல் முழுவதையும் சேமித்து வைத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

எங்கள் செடிக் குழுவில் இதை எழுதியபோது, குழுவில் சண்டை வேண்டாம் என்று சொல்லி நிர்வாகி என் செய்தியை நீக்கிவிட்டார். விற்பவர் போடும் விளம்பரங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. இப்போது வேறோர் எண்ணிலிருந்து ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸ் என்னும் கள்ளிச் செடிகளை, அதே பசை போட்ட கல் தொட்டிகளில், விற்றுக்கொண்டிருக்கிறார்.

அத்தகைய தொட்டி உங்களிடம் இருந்தால், கல் தகட்டை இன்றே பெயர்த்துக் கழுத்தைப் பாருங்கள். கீழே பச்சைக் கட்டை தெரிந்தால், அழுகும் வரை காத்திராமல், சுத்தமான கத்தியால் ஒட்டுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் பழுப்பு வளையம் ஏதும் இல்லாமல் வெள்ளைச் சதை தெரியும் வரை சீவி, கந்தகத் தூள் தடவி, நன்றாகக் காயும் வரை நிழலில் வைத்து, அதன் பிறகே உலர்ந்த பியூமிஸ் என்னும் நுரைக்கல்லில் வையுங்கள். வேர் விடும் வரை தண்ணீர் ஊற்ற வேண்டாம்.