மஸ்டா வாங்கலாமா என்றால், எந்த எஞ்சின்?

2012இல் மஸ்டாவின் சொந்த ஊரான ஹிரோஷிமாவில் இரண்டு விஷயங்கள் நடந்தன. பிப்ரவரியில் சிஎக்ஸ்-5 விற்பனைக்கு வந்தது. ஜூனில் ரோட்டரி எஞ்சின் பொருத்திய ஸ்போர்ட்ஸ் கார் ஆர்எக்ஸ்-8இன் தயாரிப்பு நின்றது. முன்னது எண்ணெய் மாற்றி, பிரேக் பேட் மாற்றி ஓட்டினால் வேறு எதுவும் கேட்காத குடும்பக் கார். பின்னது லட்சம் கிலோமீட்டர் தொடுவதற்குள் எஞ்சினையே கழற்றி வைக்கச் சொல்லக்கூடியது. இரண்டின் மூக்கிலும் ஒரே சின்னம். அதனால்தான் "மஸ்டா எப்படி?" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2020இல் வெளியிட்ட நம்பகத்தன்மைப் பட்டியலில் டொயோட்டாவையும் லெக்ஸஸையும் தாண்டி முதலிடத்தில் நின்றது மஸ்டா. அது நியாயமான இடம்தான். ஆனால் அந்தப் புகழை நம்பிப் பழைய மஸ்டா எதையாவது வாங்கினால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள்.

தக்கை தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம் இது. 1920இல் டோயோ கார்க் கோக்யோ என்ற பெயரில் ஆரம்பம். அடுத்த ஆண்டு ஜூஜிரோ மட்சுடா பொறுப்பேற்றார். 1931இல் மூன்று சக்கர சரக்கு வண்டி. 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்தபோது, நகருக்கும் ஆலைக்கும் நடுவே ஹிஜியாமா குன்று நின்றதால் ஆலை பெரும்பாலும் தப்பியது. மாகாண நிர்வாகமே சில காலம் அந்த வளாகத்தில் இயங்கியது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே மூன்று சக்கர வண்டிகள் மறுபடி வெளியே வந்தன. முதல் பயணிகள் கார் 1960இன் ஆர்360.

பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சினுக்கு மஸ்டா போனது ஆசையால் அல்ல, பயத்தால். அறுபதுகளின் தொடக்கத்தில் ஜப்பானிய வணிக அமைச்சகம் கார் நிறுவனங்களைச் சில குழுக்களாகச் சுருக்கிவிடப் பார்த்தது. சிறிய நிறுவனங்கள் பெரியவற்றுக்குள் கரைந்துபோக வேண்டியதுதான். வேறு யாரிடமும் இல்லாத ஒன்று கையில் இருந்தால்தான் தனியாக நிற்க முடியும் என்று கணக்குப் போட்ட அப்போதைய தலைவர் ட்சுனேஜி மட்சுடா, 1961இல் ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்திடம் 'வான்கெல்' எனப்படும் இந்த எஞ்சினுக்கு உரிமம் வாங்கினார். வாங்கிய எஞ்சின் முழுமையானதாக இல்லை. முக்கோண ரோட்டரின் மூன்று முனைகளிலும் வாயு கசியாமல் அடைக்கும் அப்பெக்ஸ் சீல்கள் சுழலும்போது அதிர்ந்து, உறையின் உட்சுவரில் வரிவரியாகக் கீறல் போட்டன. பொறியாளர்கள் அதற்கு வைத்த பெயர் 'பேயின் நகக் கீறல்'. கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பேர் அதோடு மல்லுக்கட்டினார்கள். அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல் பலன் தந்தது. 1967 மே மாதம் மஸ்டாவின் முதல் ரோட்டரி காரான காஸ்மோ ஸ்போர்ட் வெளிவந்தது.

சீல் சிக்கலைத் தீர்க்க முடிந்தது. வடிவத்தோடு பிறந்த சிக்கலைத் தீர்க்க முடியவில்லை. ரோட்டரியின் எரியறை நீளமாகவும் தட்டையாகவும் இருக்கும். கொள்ளளவுக்கு ஒப்பிடச் சுவர்ப் பரப்பு அதிகம். எரியும் வாயுவின் வெப்பம் சுவருக்குப் போகிறது, ஓரங்களில் சுடர் அணைந்து எரியாத பெட்ரோல் வெளியேறுகிறது. மைலேஜ் ஏன் மோசம் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். 1973 எண்ணெய் நெருக்கடியில் ரோட்டரி கார்கள் ஷோரூமிலேயே தங்கின. சுமிடோமோ வங்கி கைகொடுத்தது. 1979இல் ஃபோர்டு கால்பங்கு அளவுக்கு உள்ளே வந்தது. 1996இல் அந்தப் பங்கு 33.4 சதவீதமாகி, ஃபோர்டிலிருந்து வந்த ஹென்றி வாலஸ் தலைவரானார். ஜப்பானியக் கார் நிறுவனம் ஒன்றுக்கு வெளிநாட்டவர் தலைவரானது அதுவே முதல்முறை.

பிரான்ஸின் 24 மணி நேரக் கார் பந்தயமான லே மானில் 1991இல் பெற்ற வெற்றியையும் சொல்லாமல் விட முடியாது. ஓடியது 787பி பந்தயக் கார், எண் 55, நான்கு ரோட்டர், 362 சுற்று. ஜப்பானிய நிறுவனம் ஒன்று அங்கே வென்றது அதுதான் முதல்முறை. 'ஜெயித்ததால் பயந்துபோய் ரோட்டரியைத் தடை செய்தார்கள்' என்று ரசிகர்கள் சொல்வது கதை. 3.5 லிட்டர் பிஸ்டன் எஞ்சின் விதி அதற்கு முன்பே முடிவாகியிருந்தது. போட்டியாளர்கள் 1,000 கிலோ சுமந்தபோது மஸ்டாவுக்கு 830 கிலோ போதும் என்று விதி இடம் கொடுத்ததையும் ரசிகர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

இனி ஆர்எக்ஸ்-8. மலிவாகக் கிடைக்கும், அழகாக இருக்கும், 9,000 ஆர்பிஎம் வரை பட்டுப்போல் ஏறும். வாங்க நினைப்பவர்களை மூழ்கடிக்கும் காரும் இதுதான். 2003இல் அமெரிக்காவில் 247 குதிரைத்திறன் என்று விற்றுவிட்டு 238 என்று திருத்தி, விருப்பமில்லாதவர்களிடம் காரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக அறிவித்தார்கள். 2004 முதல் 2008 வரையிலான மாடல்களுக்கு எஞ்சின் மையப்பகுதி உத்தரவாதத்தை 8 ஆண்டு, 1,00,000 மைல் என்று நீட்டினார்கள். தயாரித்தவர்களுக்கே பலவீனம் தெரிந்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வாங்குமுன் கம்ப்ரஷன் சோதனை, அதாவது எரியறை எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று அளப்பது, கட்டாயம். அதையும் சாதாரண பிஸ்டன் கேஜ் வைத்துச் செய்தால் பயனில்லை. ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்கள். சாதாரண கேஜ் மூன்றில் அதிகமானதை மட்டும் பிடித்துக் காட்டும், மற்ற இரண்டும் செத்திருந்தாலும் தெரியாது. மூன்று முகங்களையும் தனித்தனியே காட்டும் ரோட்டரி டெஸ்டர் வேண்டும். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். வரும் எண்ணை 250 ஆர்பிஎம் அளவுக்குத் திருத்திப் படிக்க வேண்டும். புதிய எஞ்சினுக்கு 830 கிலோபாஸ்கல். 680க்குக் கீழே போனால் எஞ்சின் முடிந்தது. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் 150க்கு மேல் வித்தியாசம் இருந்தாலும், இரண்டு ரோட்டர்களுக்கிடையே 100க்கு மேல் இருந்தாலும் அதே தீர்ப்புதான். டெஸ்டர் கிடைக்காத இடத்தில் ஒரு சுலப வழி உண்டு. அரைமணி நேரம் நன்றாக ஓட்டிச் சூடேற்றுங்கள், அணையுங்கள், பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட்டர் நீளமாக இழுத்துக்கொண்டே இருந்தால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடலாம். விற்பவர் எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி அணைக்காமல் ஓடவிட்டு வைத்திருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

எஞ்சின் ஏன் சாகிறது என்பது பெரும்பாலும் இக்னிஷன் காயிலில் தொடங்குகிறது. நான்கு காயில், நான்கு பிளக். காயில் பலவீனமானால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். கன்வெர்ட்டர் உருகி அடைபடும். புகைபோக்கி அடைபட்டால் வெப்பம் எஞ்சினுக்கே திரும்பும், சீல்கள் போகும். ஆகவே காயில், பிளக், ஒயர் மூன்றையும் 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒன்றாக மாற்றுவது சிக்கனம். கீழே உள்ள லீடிங் பிளக்கும் மேலே உள்ள டிரெய்லிங் பிளக்கும் வெவ்வேறு வகை. இடம் மாற்றிப் போட்டுவிடும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். எஞ்சின் தானாகவே கொஞ்சம் ஆயிலை அறைக்குள் பீய்ச்சி எரிக்கும், அதற்கென்றே பம்ப் இருக்கிறது. எனவே இரண்டு முறை பெட்ரோல் நிரப்பினால் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்த்தாக வேண்டும். 2008க்குப் பிந்தைய திருத்தப்பட்ட வடிவத்தில் உறையின் நடுவிலும் ஆயில் விழ வழி செய்தார்கள். விலை வித்தியாசம் தாங்கினால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, நாலடி நகர்த்தி நிறுத்திவிட்டு, உடனே அணைப்பதைப்போல் கெடுதல் வேறில்லை. பிளக்குகள் பெட்ரோலில் நனைந்துவிடும், அடுத்த முறை கிளம்பாது. அப்போது ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். முழுதாக மிதித்தால் பெட்ரோல் வருவது நிற்கும், உள்ளே இருப்பது வெளியேறும். அப்படியும் அடம்பிடித்தால் பிளக்குகளைக் கழற்றிக் காயவைக்க வேண்டியதுதான்.

சிஎக்ஸ்-5இல் வந்த ஸ்கைஆக்டிவ் வரிசையின் பெட்ரோல் எஞ்சினுக்கு வந்தால் எழுத அதிகம் இல்லை. ஒரு எஞ்சினுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஃபோர்டு 2008 முதல் பங்குகளை விற்று ஒதுங்கிய காலத்தில், கையில் பணம் குறைவாக இருந்தபோது உருவானது இது. மற்றவர்கள் எஞ்சினைச் சுருக்கி டர்போ பொருத்தியபோது, மஸ்டா டர்போ இல்லாமல் கம்ப்ரஷன் விகிதத்தை 13, சில நாடுகளில் 14 வரை ஏற்றியது. அவ்வளவு ஏற்றினால் பெட்ரோல் கட்டுப்பாடின்றித் தானாக வெடித்து எஞ்சின் தட்டும். அதைத் தவிர்க்கச் சூடான கழிவு வாயு அறைக்குள் தங்காதபடி நீளமான 4-2-1 எக்ஸாஸ்ட் குழாய் அமைத்தார்கள். கியர்பாக்ஸிலும் மோகத்துக்கு ஆளாகவில்லை. பலரும் கியர் படிகளே இல்லாத சிவிடி பின்னால் போனபோது ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கையே மெருகேற்றினார்கள். 2020இல் முதலிடம் கிடைத்ததன் ரகசியம் இந்தப் பழமைவாதம்தான் என்பது என் கணிப்பு. 2018-19 மாடல்களின் 2.5 லிட்டரில் மட்டும் இரண்டு சிலிண்டர்களை ஓய்வெடுக்க வைக்கும் ஏற்பாடு தகராறு செய்தது. மென்பொருள் பிழையால் ராக்கர் ஆர்ம் இடம்பெயரக்கூடும் என்று அமெரிக்காவில் திரும்ப அழைத்தார்கள். அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று சேஸிஸ் எண்ணை வைத்துக் கேளுங்கள்.

2.5 லிட்டர் டர்போ வேறு ஜாதி. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விட்டுக் கூலண்ட் கசிவது ஆரம்ப வருட எஞ்சின்களில் தெரிந்த கோளாறு. இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் பின்புறம், பயணிகள் அறையின் தடுப்புச்சுவரை நோக்கி இருப்பதால் பானட்டைத் திறந்ததும் கண்ணில் படாது. டார்ச் அடித்துப் பின்பக்கம் காய்ந்த கூலண்ட் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். ரிசர்வாயர் அளவு மெல்லக் குறைந்துகொண்டே வருவதும் அடையாளம்.

2.2 லிட்டர் ஸ்கைஆக்டிவ் டீசலைப் பொறுத்தவரை, நகருக்குள் மட்டும் ஓட்டுபவர் வாங்கவே கூடாது. புகை வடிகட்டியான டிபிஎஃப் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள, எரிப்பு முடிந்த பிறகு கூடுதலாக டீசல் பீய்ச்சப்படுகிறது. அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து ஆயிலில் கலக்கிறது. குறுகிய பயணங்களில் சுத்தம் பாதியில் நின்று மறுபடி மறுபடி தொடங்கும், கலப்பும் கூடும். இந்த எஞ்சினில் ஆயில் அளவு குறைவதில்லை, ஏறுகிறது! டிப்ஸ்டிக்கில் 'ஃபுல்' குறிக்கு மேலே பெருக்கல் குறி போட்டிருப்பது இதற்காகத்தான். அதைத் தொட்டால் அன்றே ஆயில் மாற்றுங்கள். நீர்த்த ஆயில் டர்போ பேரிங்கையும் கேம் ஷாஃப்டையும் தின்னும். இன்ஜெக்டரின் அடியில் உள்ள செம்பு வாஷர் கசிந்தால் கரி ஆயிலுக்குள் இறங்கி, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் உறிஞ்சுகுழாய் வலையை அடைக்கும். முந்தைய 2.0 லிட்டர் டீசலிலும் இதே நோய்தான். இன்ஜெக்டர் எப்போது கழற்றினாலும் வாஷர் புதிது.

இரண்டு இருக்கைத் திறந்த ஸ்போர்ட்ஸ் காரான எம்எக்ஸ்-5 பற்றி நல்லது சொல்ல எல்லோரும் இருக்கிறார்கள். கெட்டதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1989-91இன் 1.6 லிட்டரில் கிராங்க் ஷாஃப்டின் முனை குட்டையானது, அதில் புல்லியைப் பூட்டும் சாவிக்காடி தேய்ந்து புல்லி ஆடும். புல்லியில் நான்கு துளைப்பிளவு இருந்தால் குட்டை, எட்டு இருந்தால் திருத்தியது. துணிக்கூரையிலிருந்து வழியும் மழைநீர் சீட்பெல்ட் தூண்களுக்குப் பின்னால் உள்ள வடிகால் வழியே இறங்கவேண்டும். அது சருகில் அடைத்தால் கதவுக்கீழ்ச் சட்டம் உள்ளிருந்து துருப்பிடிக்கும். இரண்டாம் தலைமுறையில் காரைத் தூக்கிவைத்து முன்பக்கச் சேஸிஸ் சட்டங்களை அடியிலிருந்து தட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். 2015இல் வந்த நான்காம் தலைமுறையின் ஆரம்ப கார்களில் கியர்பாக்ஸ் பலவீனம். இரண்டாவது கியர் கரகரத்தால் தள்ளிவிடுங்கள்.

நிறுவனத்தின் நேர்மைக்கு இரு பக்கமும் சான்று உண்டு. 2006இல் அலாஸ்கா அருகே சாய்ந்துபோன கூகர் ஏஸ் கப்பலில் 4,703 மஸ்டாக்கள் இருந்தன. பெரும்பாலானவை பார்வைக்கு நன்றாகவே இருந்தும் அத்தனையையும் நொறுக்கினார்கள். பெட்ரோல் வாடைக்கு மயங்கி மஞ்சள் சிலந்தி காற்றுக்குழாயில் கூடு கட்டுகிறது என்று 2011இல் மஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்தார்கள், சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் 2024 ஜூனில் அரசாங்கச் சான்றிதழ்ச் சோதனைகளில் முறைகேடு செய்ததாக ஒப்புக்கொண்டு ரோட்ஸ்டர் ஆர்எஃப் (எம்எக்ஸ்-5இன் கெட்டிக்கூரை வடிவம்), மஸ்டா 2 தயாரிப்பை நிறுத்தியது சிரிப்பான விஷயமில்லை.

பெயிண்டைப் பற்றியும் கொஞ்சம். சோல் ரெட் நிறம் பல அடுக்குகளில் வருவது. ஒரு கதவை மட்டும் அடித்தால் பக்கத்துப் பேனலோடு ஒட்டாது, கலந்து பரப்பத் தெரிந்த பெயிண்டர் வேண்டும். அதனால் பழைய சிவப்பு மஸ்டா விபத்தில் மாட்டியதா என்று கண்டுபிடிப்பது சுலபம்: வெயிலில் நிறுத்தி, பானட்டின் நுனியிலிருந்து ஃபெண்டர் வழியே கதவு வரை சாய்வாகப் பாருங்கள். பானட் முன்விளிம்பில் கல் தெறித்த புள்ளிகள் இருந்தால் பயப்பட வேண்டாம், பெயிண்ட் மெல்லியது, எல்லாவற்றிலும் இருக்கும். ஒரு புள்ளிகூட இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.