பழைய லேசர் பிரிண்டருக்குப் பேஜ்மேக்கரா, ஸ்கிரைபஸா, ஸீலாடெக்கா?

எச்பி லேசர்ஜெட் 1020 இன்றும் பல டிடிபி கடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. 12ஏ டோனர் எங்கும் கிடைக்கிறது. டிரம்மும் அந்தக் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருப்பதால், அதை மாற்றினாலே அச்சு தெளிவாகிவிடும். இப்படிப்பட்ட பிரிண்டரை மூலையில் போட வைப்பது பல நேரம் மென்பொருள் சிக்கல்தான். அதனால் பேஜ்மேக்கர், ஸ்கிரைபஸ், ஸீலாடெக் போன்ற பக்கம் அமைக்கும் மென்பொருளைப் பிரிண்டரோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

எச்பியின் 1320 மாடலுக்கு, பக்கத்தைப் பிரிண்டருக்கு விவரிக்கும் மொழிகளான பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் இரண்டும் தெரியும். பொதுவான டிரைவர் ஒன்றைப் போட்டாலே வேலை நடக்கும். 1020-க்கு இரண்டுமே தெரியாது. பக்கத்தைக் கணினிதான் புள்ளிகளாக்கி அனுப்ப வேண்டும். போதாக்குறைக்கு, கரண்ட் போய் வந்தால் ஃபர்ம்வேரை (பிரிண்டரை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளை) மறுபடி ஏற்ற வேண்டும். லினக்ஸில் ஃபூ2இசட்ஜேஎஸ் என்ற கட்டற்ற டிரைவர் தொகுப்பு இந்த இரு வேலைகளையும் பார்த்துக்கொள்கிறது.

சரி, மென்பொருளுக்கு வருவோம். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல், அத்தோடு நின்றுவிட்டது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு அதற்குத் தெரியாது. பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த பக்கம் தாளில் அழகாகத்தான் விழும். அதே வரியை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறிக் கிடக்கும். பழைய எக்ஸ்பி கணினி உயிரோடு இருக்கும்போதே கோப்புகளைப் பிடிஎஃப் ஆக்கி, உரையை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். புது வேலையை இதில் தொடங்க வேண்டாம்.

ஸ்கிரைபஸ் இலவசம், பேஜ்மேக்கரில் பழகிய கைக்குச் சீக்கிரம் வசப்படும். 1.4 பதிப்பில் தமிழ் சரிவராது: 'கெ' என்று அடித்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 1.5.3-இல், எழுத்துகளைச் சரியான வடிவத்தில் அடுக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் சேர்ந்த பிறகு அது சரியாகிவிட்டது. நோட்டீஸ், அழைப்பிதழ், ஒரு பக்க விளம்பரம் எல்லாவற்றுக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

புத்தகம் என்றால், கட்டளைகள் எழுதிப் பக்கம் அமைக்கும் ஸீலாடெக். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இருபக்கமும் சமன் செய்தால் நடுவே ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். ஸீலாடெக்கின் அடிப்படையான டெக் ஒவ்வொரு வரியாக முடிவெடுக்காமல், பத்தி முழுவதையும் பார்த்து வரிகளை உடைக்கிறது. தமிழுக்கான சொல்பிரிப்பு விதிகளும் அதில் இருக்கின்றன. முந்நூறு பக்க நாவலில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கட்டளைகளைக் கற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் பிடிக்கும், அது உண்மை. ஆனால் மூலக் கோப்பு வெறும் உரை என்பதால் எந்தக் கணினியிலும் திறக்கலாம்.

ஸ்கிரைபஸ், ஸீலாடெக் இரண்டிலுமே பிடிஎஃப் எடுத்து அச்சிடுவதுதான் நல்லது. ஒளிபுகும் நிழல் வைத்த படங்கள் இருந்தால், நினைவகம் குறைந்த பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர் பாதிப் பக்கத்தில் திணறலாம். அப்போது பிசிஎல் டிரைவருக்கு மாறுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அக்ரோபேட் ரீடரின் அச்சு அமைப்பில் 'படமாக அச்சிடு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வைத்தால் சிறிய எழுத்தும் உடையாமல் வரும். 1020-க்கு இதெல்லாம் தேவையே இல்லை, அதற்குப் போவது எப்போதும் புள்ளிகள்தான்.