ஃபிரிட்ஜில் நாலு கிண்ணம்: எந்த எண்ணெய் எதற்கு?

பெஸ்தாரி ஜெயா என்று 2007-இல் பெயர் மாறினாலும் எங்களுக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பக்கத்திலேயே தென்னமரம் தோட்டம். பெயரில்தான் தென்னை, மலேசியாவில் செம்பனையை வியாபாரப் பயிராக முதன்முதலில் நட்டது அங்கேதான், 1917-இல். எங்கள் வீட்டு அடுப்படியில் தேங்காய் எண்ணெய்க்கும் பாக்கெட் எண்ணெய்க்கும், அதாவது செம்பனை எண்ணெய்க்கும், ஓயாமல் நடக்கும் சண்டைக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

சண்டை அத்தைக்கும் எனக்கும். கிளினிக்கில் எனக்குக் கொலஸ்ட்ரால் கூட என்று சொல்லிவிட்டார்கள். 2023 தேசியச் சுகாதார ஆய்வுப்படி நாட்டில் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு அப்படித்தானாம். அத்தை அசரவில்லை. "தோட்டத்துல இருந்த வரைக்கும் தேங்கா எண்ணெயிலதான் சமைச்சோம். யாருக்கு என்ன வந்துச்சு?"

"நீங்க விடியறதுக்கு முந்தியே பால்மரம் சீவப் போனீங்க அத்தை. நான் நாள் முழுக்க நாற்காலியில உட்கார்ந்திருக்கேன்."

வாய்ப் பேச்சில் தீரவில்லை. நாலு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய், நெய், பாக்கெட் எண்ணெய், நல்லெண்ணெய் ஊற்றி ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் தேங்காய் எண்ணெய் வெள்ளைக் கல். கரண்டிக் காம்பால் தட்டினால் டொக்கென்று சத்தம். நெய்யும் கட்டி, ஆனால் கரண்டி இறங்கியது. பாக்கெட் எண்ணெய் மங்கி, ஆறிய கஞ்சி மாதிரி இறுகியிருந்தது. நல்லெண்ணெய் மட்டும் கிண்ணத்தைச் சாய்த்தால் ஓடியது.

கொழுப்பின் குணம் முக்கால்வாசி இதிலேயே தெரிந்துவிடும். நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு கூடுதலோ, குளிரில் அவ்வளவு இறுகும். 100 கிராமுக்குத் தேங்காய் எண்ணெயில் 80 கிராமுக்கு மேல், நெய்யில் 60-ஐ ஒட்டி, பாக்கெட் எண்ணெயில் சுமார் 45, நல்லெண்ணெயில் 15-ஐ ஒட்டி. ரத்தத்தில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பை ஏற்றிவிடுவது இந்த நிறைவுற்ற வகை. ஒரு நாளில் சாப்பிடும் கலோரியில் 10 விழுக்காட்டுக்குள் அதை வைத்துக்கொள்ளச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 22 கிராம்.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. நாலு பேர், மாதம் நாலு பாக்கெட். ஆளுக்கு ஒரு கிலோ, நாளுக்கு 33 கிராம். அதில் நிறைவுற்றது மட்டும் 15 கிராம். நாள் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு அடுப்பிலேயே முடிந்துபோகிறது. முட்டை, கோழித் தோல், தேங்காய்ப் பால் எதையும் இன்னும் தொடவில்லை. இரண்டரை வெள்ளி என்பதால் பாக்கெட்டை யாரும் அளந்து ஊற்றுவதில்லை, நானும்தான்.

அதே 33 கிராம் தேங்காய் எண்ணெய் என்றால்? 27 கிராம். எண்ணெயிலேயே எல்லை தாண்டிவிட்டது. தேங்காய் எண்ணெய் நல்ல கொழுப்பான எச்.டி.எல்.-ஐயும் ஏற்றும் என்பது உண்மை, ஆனால் கெட்டதையும் சேர்த்தே ஏற்றுகிறது. அமெரிக்க இதய சங்கம் 2017-இல் அதை வேண்டாம் என்றே சொன்னது. அன்றாடச் சமையலுக்கு இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு பாக்கெட்டுக்கு. அத்தைக்கு இன்னும் கோபம்.

அதற்காகப் பாக்கெட்டுக்கு மாலை போடவும் வேண்டாம். 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று அட்டையில் போடுகிறார்களே, எந்தத் தாவர எண்ணெயிலும்தான் சொல்லும்படிக் கொலஸ்ட்ரால் கிடையாது. செம்பனைப் பழத்தை ஆலையில் பிழிந்ததும் எண்ணெய் செக்கச்செவேலென்று இருக்கும், கேரட்டில் இருக்கிற அதே கரோட்டின். பாக்கெட்டுக்கு வரும்போது சுத்திகரிப்பில் அது போய்விடுகிறது. இன்னொன்றும் உண்டு. அதே பழத்தின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பிலிருந்து எடுப்பது வேறு எண்ணெய், குணத்தில் கிட்டத்தட்டத் தேங்காய் எண்ணெயின் தங்கச்சி. பிஸ்கட் கிரீமிலும் காப்பி கிரீமரிலும் ஒளிந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

நெய்யா மார்ஜரினா என்பது சுருக்கமான வழக்கு. மார்ஜரினுக்குக் கெட்ட பெயர் வந்தது ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய காலத்தில். அரைகுறையாக ஏற்றினால் டிரான்ஸ் கொழுப்பு உண்டாகும். அது கெட்டதை ஏற்றி நல்லதை இறக்கும், எல்லாக் கொழுப்பிலும் மோசம். செம்பனை தன்னாலேயே பாதி கெட்டி என்பதால் அதில் செய்வதற்கு ஹைட்ரஜன் ஏற்றத் தேவையில்லை. அட்டையைப் படித்து வாங்குங்கள். நெய்யைப் பொங்கலுக்கு ஒரு கரண்டி விடுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. ரொட்டி சானாய்க் கடையில் மாவு உருண்டைகள் ராத்திரியெல்லாம் எதில் ஊறுகின்றன என்று பார்த்துவிட்டு இதைப் பேசலாம்.

பொரிப்பதில் கதை தலைகீழ். நல்லெண்ணெய், சூரியகாந்தி இரண்டிலும் உடம்புக்கு நல்லதான பன்மை நிறைவுறாக் கொழுப்பு கூடுதல். ஆனால் குவாலியில் நெடுநேரம் கொதித்தால் சீக்கிரம் சிதைவதும் அதுதான். வடைக்கும் அப்பளத்துக்கும் பாக்கெட் எண்ணெய்தான் தாங்கும். தாங்குகிறது என்று மூன்று நாள் ஓட்டினால் அதுவும் கெடும். பாசார் மாலாமில் ஒரு கடையில் எண்ணெய் கிச்சாப் நிறத்தில் நுரைத்துக்கொண்டு நின்றது. பீசாங் கோரேங் வாங்காமல் வந்துவிட்டேன், அன்றைக்கு நல்ல பசி.

எண்ணெயைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் நாசி லெமாக்கை மறந்துவிடுவார்கள். கெட்டியாகப் பிழிந்த ஒரு கப் தேங்காய்ப் பாலில் ஏறக்குறைய 40 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. நாலு பேர் பங்கு போட்டாலும் தலைக்கு 10. பக்கத்தில் வைக்கும் நெத்திலியும் கச்சானும்தான் அந்தத் தட்டின் நல்ல கொழுப்பு. கெம்போங் மீனில் இருக்கிற ஒமேகா 3-ஐ வேறு எந்தப் போத்தலிலும் தேட வேண்டாம். வாரம் இரண்டு நாள் குழம்பு வைக்கிறேன், பொரிப்பதில்லை.

இப்போது அடுப்படியில் பாக்கெட் மாதம் இரண்டுதான். மீன் குழம்புக்கும் இட்லிப் பொடிக்கும் நல்லெண்ணெய். விலை பல மடங்கு என்பதால் தானாகவே அளந்து ஊற்றுகிறோம். தேங்காய் எண்ணெய் தலைக்கு மட்டும் என்று முடிவாகி, போத்தல் குளியலறைக்குப் போய்விட்டது. போன வெள்ளிக்கிழமை அத்தை வைத்த அவியல் மட்டும் ஏனோ அத்தனை வாசமாக இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன்.