டிரெய்னிங் சாஃப்ட்வேர் வாங்கப் போறீங்களா, டெமோலயே எக்ஸ்போர்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க

ஓசூர் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில எச்ஆர்ல இருக்கேன், டிரெய்னிங் முழுக்க என் தலைலதான். முன்னாடி எல்லாமே அட்டெண்டன்ஸ் ஷீட்டு, பேப்பர் டெஸ்ட்டு, பீரோ நிறைய ஃபைலு. அப்பதான் ஒரு எல்எம்எஸ் (ஆன்லைன்ல டிரெய்னிங் குடுத்து ரெக்கார்டு வெக்கற சாஃப்ட்வேர்) கம்பெனிக்காரங்க வந்து டெமோ காட்டுனாங்க. (பேர் போட வேணாம்னு எங்க எம்டி சொல்லிட்டாரு.) பச்சை கலர்ல வட்டம் வட்டமா டேஷ்போர்டு, மூலைல எக்ஸ்போர்ட்னு ஒரு பட்டன். "இத அமுக்குனா எல்லாம் எக்சல்ல வந்துரும் மேடம்"னான் அந்த சேல்ஸ் தம்பி. அமுக்கிக் காட்டல, நானும் கேக்கல, அங்கதான் விழுந்தேன். வருஷத்துக்கு 1,80,000, மேல 18 பர்சன்ட் ஜிஎஸ்டி, முழுசும் அட்வான்ஸ்.

சேஃப்டி கோர்ஸ் போட்டோம், மொத்தம் 412 பேரு. டேஷ்போர்டு 94 பர்சன்ட் முடிச்சாச்சுன்னு காட்டுச்சு, நானும் அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரிவ்யூ மீட்டிங்ல பெருமையா போட்டேன்.

அப்புறம் ஐஎஸ்ஓ 9001:2015 ஆடிட், அதாவது தர நிர்வாகத்துக்கான ஆடிட். அந்த ஸ்டாண்டர்டோட 7.2ஆவது பிரிவுல ஆளுங்களோட திறமைக்கு ஆதாரம் வெச்சிருக்கணும்னு இருக்குல்ல, அதுக்கு ஆடிட்டர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற அண்ணன் ஒருத்தரோட ரெக்கார்டை எடுக்கச் சொன்னாரு. எடுத்தேன். ஸ்டேட்டஸ் கம்ப்ளீட்டட், மார்க் 0. "பூஜ்யம் வாங்கினவர் எப்படிம்மா முடிச்சார்?"னு கேட்டாரு பாருங்க, வாயே வரல.

அன்னிக்கு சாயங்காலம்தான் முதல்முறையா அந்த பட்டனை அமுக்குனேன். இது பிரீமியம் பிளான்ல மட்டும்தான்னு வந்துச்சு, இன்னும் 45,000 கட்டணுமாம். சேல்ஸ் தம்பி அதுக்கப்புறம் ஃபோனே எடுக்கல, சப்போர்ட்ல கேட்டா "அக்ரிமெண்ட்ல போட்டிருக்கோமே மேடம்"னாங்க, பாத்தா நிஜமாவே பொடி எழுத்துல போட்டிருக்கு. ஆடிட்டர் என்சி (விதிப்படி இல்லைங்கற குறை) எழுதிட்டாரு, க்ளோஸ் பண்ணியாகணும், வேற வழியில்லாம கட்டுனோம்.

வந்தது ஒரு சிஎஸ்வி, கமா போட்டுப் பிரிச்ச வெறும் எழுத்து ஃபைலு. டபுள் கிளிக் பண்ணித் தொறந்தா தமிழ்ல இருந்த பேரெல்லாம் தலைல கோடு போட்ட ஏ-வும் வட்டத்துக்குள்ள ஆர்-உமா நிக்குது. எம்ப்ளாயி கோடு 00417 வெறும் 417 ஆயிருச்சு, பேரோல் லிஸ்டோட விலுக்கப் (ரெண்டு லிஸ்டைப் பொருத்திப் பாக்கற எக்சல் ஃபார்முலா) போட்டா ஒண்ணும் மேட்ச் ஆகல. தேதி அதவிட மோசம், அவங்க மாசத்தை முன்னாடி போட்டிருக்காங்க, நம்ம எக்சல் அத நாளா எடுத்துக்குது, அதனால மார்ச் 4 ஏப்ரல் 3 ஆயிருச்சு, நாள் 12க்கு மேல போனா தேதியாவே எடுக்காம எழுத்தா விட்டுருது. தேதி காலத்துல (எக்சல்ல மேலருந்து கீழ வர்ற வரிசை) பாதி வலது பக்கம் ஒட்டிட்டு, பாதி இடது பக்கம் ஒட்டிட்டு நிக்கும், அத வெச்சுதான் கண்டுபுடிச்சேன். இதுக்காவது வழி இருக்கு: நேரா தொறக்காம டேட்டா மெனுல டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியா உள்ள கொண்டு வாங்க, எழுத்து வகை எதுன்னு கேக்கற இடத்துல 65001 யூடிஎஃப்-8னு குடுங்க, கோடு காலத்தையும் தேதி காலத்தையும் டெக்ஸ்ட்னு மாத்திட்டு அப்புறம் லோடு பண்ணுங்க. இதத் தெரிஞ்சுக்க எனக்கு ரெண்டு ராத்திரி போச்சு.

நேரம் வேற யூடிசில (உலகப் பொது நேரம்) இருக்கு, அதாவது நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. நைட் ஷிஃப்ட்ல ஏப்ரல் 1 விடிகாலைல முடிச்சவன் மார்ச் 31னு போன வருஷக் கணக்குல போய் உக்காந்திருக்கான்.

இதெல்லாம் சரி பண்ணிட்டு எண்ணுனா நெஞ்சு பக்குனு ஆயிருச்சு. அந்த 94 பர்சன்ட் ஒரு தடவையாவது லாகின் பண்ணுன 298 பேர்ல 280 பேரு. கோர்ஸைத் தொறக்கவே தொறக்காத 114 பேர் கணக்குலயே இல்ல! 412க்குப் போட்டா 68 பர்சன்ட். அந்த 280லயும் பாஸ் மார்க் 80 எடுத்தது 191 பேருதான், அது மொத்தத்துல பாதிகூட இல்ல.

ஃபோர்க்லிஃப்ட் அண்ணனோட பூஜ்யமும் அப்பதான் புரிஞ்சுது. கோர்ஸ் ஸ்கார்ம் 1.2ல (கோர்ஸும் எல்எம்எஸ்ஸும் பேசிக்கறதுக்கான ஸ்டாண்டர்டு) பண்ணிருக்காங்க, அதுல ஸ்டேட்டஸுக்கு ஒரே ஒரு இடம்தான், பாஸானாரா, இல்ல முடிச்சாரான்னு எதாவது ஒண்ணுதான் எழுத முடியும். கடைசி ஸ்லைடு வந்தாலே முடிச்சாருன்னு எழுதுற மாதிரி இவங்க செட் பண்ணி வெச்சிருக்காங்க, டெஸ்ட் எழுதுனாரா இல்லையான்னு அதுக்கு அக்கறையே இல்ல. ஸ்கார்ம் 2004ல ரெண்டும் தனித்தனி. பாவம் அந்தண்ணன், அடுத்து அடுத்துன்னு அமுக்கிட்டு டீக்குப் போயிருக்காரு.

மார்க் காலத்துலயும் ஒரு வில்லங்கம், எத்தனை தடவ எழுதுனாலும் அதுல பெஸ்ட் மார்க் மட்டும்தான் வருது. முதல் தடவயே 90 வாங்குனவனும் ஒம்பது தடவ முட்டி மோதி 90 வாங்குனவனும் ஒண்ணு.

நீங்க வாங்கறதா இருந்தா டெமோலயே உங்க ஆளுங்க அஞ்சு பேரைப் போடச் சொல்லுங்க. தமிழ்ல பேர் இருக்கறவர் ஒருத்தர், கோடு சைபர்ல ஆரம்பிக்கறவர் ஒருத்தர், டெஸ்ட்ல ஃபெயிலாகுறவர் ஒருத்தர், உள்ளயே போகாதவர் ஒருத்தர், ராத்திரி ரெண்டு மணிக்கு முடிக்கறவர் ஒருத்தர். அந்த ஃபைல் உங்க கைக்கு வந்து நீங்களே எண்ணிப் பாத்த பிறகு செக்ல கையெழுத்துப் போடுங்க. விட்டுட்டுப் போறப்ப டேட்டாவை எந்த ஃபார்மட்ல தருவாங்கன்னும் எழுதி வாங்கிக்கங்க.

ஏன்னா நாங்க ரினியூ பண்ணலன்னு சொன்னதும், ஒவ்வொரு தடவ எழுதுன விவரமும் வேணும்னு கேட்டதுக்கு 386 பக்கம் பிடிஎஃப் அனுப்பிட்டு முப்பது நாள்ல அக்கவுண்டை மூடிட்டாங்க. இப்ப ரெண்டு டிரெய்னி பசங்க அத பாத்து எக்சல்ல டைப் அடிச்சிட்டு இருக்காங்க, நேத்து சாயங்காலம் 214ஆவது பக்கம் வரைக்கும் வந்திருக்கு.